காணிக்கை கேட்பதில் சபைகள் சறுக்கும் இடங்கள்

விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையை ஒரு தடவை பார்த்தவர்கள், எங்கள் குமரி-கேரள எல்லைப்புறத்து ஜனங்களுக்குக் கொடுக்க மனசில்லை என்று சொல்லவே மாட்டார்கள். மார்த்தாண்டம், அருமனை தொடங்கி களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரைக்கும் இதைப் பார்க்கலாம். சந்தையில் கிடைக்கிற அதே ஏத்தன் வாழைக்குலை, ஆலய முற்றத்தில் பல மடங்கு விலைக்குப் போகும். சக்கை, மரச்சீனிக்கிழங்கு, நாட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் அதே சபையில் மாதக் காணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். 'ஜனங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது' என்று கமிட்டி முடிவுகட்டிவிடும். எனக்கென்னவோ, பெரும்பாலும் கேட்கிற விதத்தில்தான் கோளாறு என்று தோன்றுகிறது.

ஆராதனை முடிவில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கிற பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் கொடுத்தவருக்கு அது பெருமை. நூறு ரூபாய் கொடுத்த விதவைத் தாய்க்கு? அடுத்த வாரம் அவர் காணிக்கைக் கவரே எடுக்கமாட்டார். இயேசு பாராட்டிய ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, அதே மைக்கில் பட்டியலை வாசிப்பது என்ன நியாயமோ! ரசீதைக் கையில் கொடுங்கள், மொத்தத் தொகையை அறிவியுங்கள், அது போதும்.

இதைவிடப் பெரிய தவறு, சபைக்குக் கட்டவேண்டிய சந்தா பாக்கியை வைத்துக் கழுத்தைப் பிடிப்பது. பிள்ளைக்கு ஞானஸ்நானமோ, மகளுக்குக் கல்யாண ஓலை வாசிப்போ (ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு) வரும் வரைக்கும் காத்திருந்து, பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவது. சாவு வீட்டிலேயே பாக்கிக் கணக்கைப் பேசுகிறவர்களும் உண்டு. பணம் அன்றைக்கு வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குப்பிறகு சபைக்குக் கொடுப்பது எல்லாம் வரி கட்டுகிற மாதிரிதான் இருக்கும். சிலர் பக்கத்திலுள்ள வேறு சபைக்கே போய்விடுவார்கள். 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார், அந்த வசனத்தைக் கவரின் மேலேயே அச்சடித்து வைத்திருப்போம். பாக்கி இருந்தால் மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய், 'என்ன ஆச்சு, கஷ்டமா?' என்று முதலில் விசாரிக்கட்டும். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சபைதான் உதவவேண்டிய நிலை தெரியவரும்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்கிற மல்கியா மூன்றாம் அதிகாரத்தைப் பயமுறுத்துவதற்காக எடுக்கும் பிரசங்கமும் இதே வகைதான். தசமபாகம் கொடாததால்தான் ரப்பர் விலை விழுந்தது என்று சொன்னால், ரப்பர் விலை தெரிந்தவன் சிரிப்பான். தெரியாதவன் பயப்படுவான். இரண்டினாலும் சபைக்கு நன்மையில்லை.

அப்புறம் காலநேரம். இங்கே ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை என்று இரண்டு பருவமும் பெய்யும். மழைநாளில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும், வெட்டுகிறவருக்குக் கூலியும் இருக்காது. ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிரும்போதும் வெட்டு நிற்கும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறந்து பீஸ், நோட்டுப்புத்தகம் என்று செலவு கழுத்தை நெரிக்கும். சரியாக அந்த மாதம் பார்த்துக் கட்டட நிதிக்குத் தலைக்கு இவ்வளவு என்று விதித்தால் யார் கொடுப்பார்? வாழை போட்டவர் கையில் ஓணச் சந்தை முடிந்ததும் காசு புழங்கும், வளைகுடாவில் இருப்பவர் வீட்டுக்கு மாதாமாதம் வரும், ஆசிரியருக்குச் சம்பளத் தேதி உண்டு. எல்லாருக்கும் ஒரே தொகையை ஒரே தேதியில் விதிப்பதைவிட, அவரவர் வரவுக்குத் தக்கதாக ஒரு தொகையை அவர்களே எழுதித்தரட்டும். சிலர் நாம் விதிக்க நினைத்ததைவிடக் கூடவே எழுதுவார்கள்.

பிடி அரிசியை ஏளனமாகப் பார்க்கிற புதுப் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிற அந்த வழக்கத்தில்தான், கையில் காசு புழங்காத பெண்கள் தங்கள் பெயரில் கொடுத்தார்கள். 'அதை விற்று எவ்வளவு வரப்போகிறது' என்று கணக்குப் பார்த்து நிறுத்தியபோது, கொடுக்கிறவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறைத்துவிட்டோம்.

கணக்கு காட்டாததுதான் சண்டைக்கெல்லாம் வேர். எருசலேம் பரிசுத்தவான்களுக்காக, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். நாம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளை வேகவேகமாக வாசித்து, 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்டு முடித்துவிடுகிறோம். மாதாமாதம் வரவு, செலவு, மீதி மூன்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். காணிக்கைப் பையை ஒரே ஆள் எண்ணவேண்டாம், உறவுக்காரரல்லாத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து போடட்டும். வாசலில் ஒட்டிய கியூஆர் கோடு பொருளாளரின் சொந்த நம்பருக்குப் போனால் அதை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். அவர் நல்லவராக இருந்தாலும் கிழிக்கத்தான் வேண்டும், அது அவருக்கும் பாதுகாப்பு.

வெளிநாட்டுப் பணத்தில் பலருக்குக் குழப்பம். துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவரது அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கச் சபைக்கோ, பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்துக்கோ அந்தச் சட்டப்படி பதிவு இருக்கவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேரவும் வேண்டும். பதிவு இல்லையென்றால் விவரத்தை அண்ணனிடம் சொல்லி, பணத்தை வாங்காமல் விட்டுவிடவேண்டியதுதான்.