மாணவரே தேர்ந்தெடுக்கும் செயல்திட்டம்: மரபுமொழி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கேட்டு வளர்ந்த மொழியை, வெளியே வேறொரு மொழி ஆளும் சூழலில் இருந்துகொண்டு முறையாகக் கற்க வருபவர்களை மரபுமொழி மாணவர்கள் என்கிறோம். பாட்டி சொல்வது அவர்களுக்குப் புரியும். பதில் மட்டும் பள்ளிக்கூட மொழியில் வரும். இவர்களுடைய ஆர்வத்தைத் தக்கவைக்க, தாங்களே தேர்ந்தெடுக்கும் செயல்திட்டங்களை அளிப்பது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்த தன்னூக்கக் கோட்பாடு, தன் விருப்பப்படி செயல்படும் உரிமையோடு, ‘என்னால் முடிகிறது’ என்ற உணர்வும் பிறரோடு பிணைப்பும் மனிதருக்குத் தேவை என்கிறது. தேர்வுரிமை இவற்றுள் முதலாவதை மட்டுமே தரும். மற்ற இரண்டையும் மறந்துவிடுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

தேர்வுரிமையே பெயரளவில் நின்றுவிடுவதும் உண்டு. மரபுமொழி என்றவுடன் பண்டிகை, உடை, பழங்கதை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கால்பந்தில் ஊறிய ஒரு மாணவி, ஆட்டத்தின் விதிகளைத் தாத்தாவுக்குப் புரியும்படி விளக்கி ஓர் ஒலிப்பதிவு செய்ய விரும்பினால், அதுவும் முழுமையான மரபுமொழிப் பணிதான். ‘ஆட்டக்களத்திற்கு வெளியே’, ‘எதிரணியினர்’, ‘அனுமதி இல்லாமல்’ என்று அவள் தேடிப்பிடிக்கும் சொற்கள் அவளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை. அதனால் அவை நெடுநாள் தங்கும்.

இதற்கு நேரெதிரான தவறு, ‘எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. உளவியலாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கூடுதல் மதிப்பெண்ணுக்காக விருப்பக் கட்டுரை எழுதும் வாய்ப்பு மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. 6 தலைப்புகள் தரப்பட்டவர்களுள் 74 விழுக்காட்டினரும், 30 தலைப்புகள் தரப்பட்டவர்களுள் 60 விழுக்காட்டினரும் எழுதினர். இந்த விளைவு எல்லாச் சூழலிலும் தோன்றுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருந்தாலும், சொல்வளம் குறைந்த மாணவர் முன் வெற்றுத்தாளை வைப்பது அவரைத் திகைக்கவே வைக்கும். ஐந்தாறு மாதிரிகளைக் காட்டி, சொந்த எண்ணத்திற்கும் ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றிலும் ஆழமாகக் காயப்படுத்துவது, மாணவர் கொண்டுவரும் மொழியைப் பிழையென்று கருதுவதுதான். இம்மாணவர்கள் புதிதாக அந்நிய மொழி கற்பவர்கள் அல்லர். உச்சரிப்பும் கேட்டறியும் திறனும் இவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. படிப்பதிலும் எழுதுவதிலும், முறைசார் சொற்களிலும்தான் இடைவெளி இருக்கிறது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழிகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அரபு, சுவிஸ் ஜெர்மன் முதலியவற்றை எடுத்துக்காட்டி மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இந்த இரட்டை வழக்கு தமிழுக்கும் நன்றாகவே பொருந்தும். பாட்டியிடம் நேர்காணல் செய்த மாணவர் ‘வந்துட்டாங்க’ என்று எழுதிவரும்போது, அதைச் சிவப்பு மையால் அடித்து ‘வந்துவிட்டார்கள்’ என்று திருத்தினால், அவர் காதில் விழுவது இலக்கணப் பாடமன்று, ‘உன் வீட்டில் பேசுவது தவறு’ என்ற தீர்ப்பு. மாறாக, பாட்டியின் சொற்களை அவர் பேசியபடியே மேற்கோளாக விட்டுவைத்து, அவற்றைச் சுற்றியுள்ள விவரிப்பை மட்டும் எழுத்து வழக்கில் அமைக்கச் சொல்லலாம். இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து, எங்கே எந்த ஒலி மறைந்திருக்கிறது என்று மாணவரையே கண்டுபிடிக்கச் செய்தால், தாம் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து அறியாததற்கு ஒரு பாலம் இருப்பதை அவர் உணர்வார். ஒரு வரைவில் ஓரிரு வகைப் பிழைகளை மட்டுமே சுட்டுங்கள். மற்றவை அடுத்த வரைவுக்குக் காத்திருக்கலாம்.

முழுத் திட்டத்தையும் பள்ளிக்கூட மொழியில் முடித்துவிட்டு, கடைசி இரவில் பெற்றோரோ மொழிபெயர்ப்புச் செயலியோ அதை மாற்றித்தரும் நிலையும் அடிக்கடி நேர்கிறது. இதைக் குற்றமாகப் பார்ப்பதைவிட, திட்டத்தின் அமைப்பில் உள்ள குறையாகப் பார்ப்பதே சரி. பழைய குடும்பக் கடிதம், உறவினரின் குரல்பதிவு, அண்டைவீட்டாரின் நேர்காணல் என்று மூலப்பொருளே மரபுமொழியில் இருக்குமாறு திட்டத்தை வடிவமைத்தால், மொழிபெயர்ப்புக்கு அங்கே வேலை குறைந்துவிடும். வாரந்தோறும் சிறு பகுதியை வகுப்பிலேயே செய்யவைப்பதும் உதவும். அதற்காகத் திட்டமிடும்போது பள்ளிக்கூட மொழி தலைகாட்டவே கூடாது என்று தடைவிதிப்பது வேண்டாத கடுமை. இரு மொழிகளிலும் சிந்திப்பது இவர்களுடைய இயல்பு.

பரிசுகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு வரைந்த குழந்தைகள், ஏற்கெனவே தாங்கள் விரும்பிய அந்த வேலையில் பின்னாளில் குறைவான நேரமே ஈடுபட்டனர்.

பரிசைவிட வலுவானது, காத்திருக்கும் ஒரு மனிதர். ஆசிரியர் மட்டுமே படித்து மதிப்பெண் இட்டு மூடிவைக்கும் திட்டத்தில் பிணைப்புக்கு இடமேயில்லை. ஆகவே தலைப்பைக் கேட்பதற்கு முன்பே, ‘இதை யார் படிக்கப்போகிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்?’ என்று மாணவரிடம் கேட்டு, அந்தப் பெயரைத் திட்டத்தாளின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். தொலைவில் இருக்கும் பெரியம்மாவாகவோ, இதே மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும் சிறு வகுப்புப் பிள்ளையாகவோ அவர் இருக்கலாம். மதிப்பெண் இடும் நாளில், அவர் எதைப் புரிந்துகொண்டார், எதைத் திரும்பக் கேட்டார் என்பதை மாணவரே சொல்லட்டும். பெரியம்மாவுக்குப் புரியாமற்போன வாக்கியத்தைத் திருத்தி எழுத, ஆசிரியர் சொல்லாமலேயே மாணவர் அமர்வார்.