இரவில் தெர்மல் ஸ்கோப்புடன் தொலைதூர ரைஃபிள் பயிற்சி

டெக்சஸில் சோளம், நிலக்கடலை வயல்களைக் கிளறி நாசமாக்கும் காட்டுப்பன்றிகள் கோடையில் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் மேய வரும். தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்துடன், அவற்றை இரவில் தெர்மல் ஸ்கோப் (வெப்பத்தைப் படமாகக் காட்டும் குறிநோக்கி) வைத்துச் சுட அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. 2019 செப்டம்பர் முதல் இதற்கு வேட்டை உரிமமும் வேண்டியதில்லை. அந்த வேலைக்குப் போகுமுன் எஃகுத் தகடுகளில் எப்படிப் பழகுவது என்பதே இங்கே விஷயம்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்கோப் பெட்டியில் ‘1,500 மீட்டர்’ என்று போட்டிருந்தால், அங்கே ஏதோ சூடாக இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். அது பன்றியா கன்றுக்குட்டியா என்பது தெரியாது. 12 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சார், 50 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 50-ஆல் வகுத்தால் 0.24 மில் (மில் என்பது ஒரு கோண அளவு). அதாவது ஒரு பிக்சல் 100 மீட்டரில் 2.4 செ.மீ., 300 மீட்டரில் 7.2 செ.மீ., 500 மீட்டரில் 12 செ.மீ. அகலத்தை மூடுகிறது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் 1958-இல் வகுத்த அளவுகோலின்படி ஒன்று இருப்பதை அறிய அதன் குறுக்களவில் 2 பிக்சல் போதும். இன்ன வகை என்று சொல்ல 8 வேண்டும். ஐயமின்றி அடையாளம் காண 13 வேண்டும். 70 செ.மீ. உயரப் பன்றிக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: இருப்பது தெரிவது 1,450 மீட்டர் வரை, அடையாளம் தெரிவது 225 மீட்டர் வரை. ஜூம் பொத்தான் இதை மாற்றாது. இருக்கிற பிக்சலையே அது பெரிதாக்கிக் காட்டும். தகட்டைச் சுடும் தூரம் எவ்வளவு கூடினாலும், உயிருள்ளதைச் சுடும் எல்லை இந்தக் கணக்குக்குள்தான் இருக்க வேண்டும்.

சுடுமிடத்தைப் பகலிலேயே தயார் செய்யுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று, சுடப்போகும் இடத்தில் படுத்து, கண்ணாலேயே பாருங்கள். காய்ந்த கட்டாந்தரையிலும் தண்ணீரிலும் குண்டு பட்டுத் தெறிக்கும். வெறும் சமவெளி பின்தடுப்பு ஆகாது. இடது, வலது எல்லைகளில் கம்பு நட்டு, தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வையுங்கள். தெர்மலில் அவை தெளிவான வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஒளிரும் பிளாஸ்டிக் குச்சிகளை இதற்கு நம்பாதீர்கள். அவை ஒளி தருமே தவிர வெப்பம் தருவதில்லை. தெர்மல் கண்ணாடியை ஊடுருவாது என்பதும் நினைவிருக்கட்டும்: வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் ஸ்கோப்பில் தெரியவே மாட்டார். சுற்றுப்புற வெப்பநிலைக்கு வந்துவிட்ட முள்கம்பியும் காய்ந்த கிளையும் அப்படியே மறைந்துவிடும். ஆகவே ஒருவர் மட்டுமே உத்தரவு கொடுக்க வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் போகும்போது எல்லா ரைஃபிளிலும் போல்ட் திறந்து, குண்டு அறையில் அது காலி என்று காட்டும் கொடி செருகியிருக்க வேண்டும்.

இலக்கு விஷயத்தில் பலர் தடுமாறுவார்கள். காகிதத்தில் அச்சிட்ட வட்டம் தெர்மலில் தெரியாது. ஜீரோ செய்ய (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்ய), அட்டையில் 5 செ.மீ. சதுரமாக அலுமினிய டேப் ஒட்டி, அட்டையின் மேல்பக்கத்தைச் சற்றே பின்னால் சாய்த்து வையுங்கள். டேப் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கருப்பாகத் தெரியும். மேகம் மூடிய இரவில் இது மங்கிவிடும். அப்போது, அட்டையில் சிறு துளை வெட்டி, பின்னால் கைச்சூடு பொதி ஒன்றை ஒட்டுங்கள். பொதி இரும்புத்தூள் காற்றோடு வினைபுரிவதால் சூடாவது. உறையைப் பிரித்துக் கால் மணி நேரம் கழித்தே ஒட்டுங்கள், காற்றுப் படாமல் முழுதாக டேப் சுற்றாதீர்கள்.

தொலைவுக்கு ஏஆர்500 என்ற கடினமான எஃகுத் தகடு நல்லது. குண்டு பட்ட இடம் சூடாகிப் பளிச்சென்று தெரிவதால் எங்கே பட்டது என்று உடனே புரியும். ரைஃபிளுக்கு 100 மீட்டருக்குக் கிட்டே தகட்டை வைக்காதீர்கள். தகட்டின் முகம் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், குழி விழுந்த தகட்டைக் கழித்துவிடுங்கள். 300 மீட்டரில் 25 செ.மீ. தகடு மூன்றரை பிக்சல்தான். பழகும்வரை 45 செ.மீ. தகடு வையுங்கள்.

நேரமும் முக்கியம். அந்தி, விடியல் இரண்டிலும் தகடு, மண், புல் எல்லாம் ஒரே வெப்பநிலையைக் கடக்கும் ஒரு கட்டம் வரும். அப்போது படம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். நன்றாக இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

ஜீரோ செய்யும் வரிசை இது. ஸ்கோப்பை இயக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். கண்பக்க வளையத்தைத் திருப்பி ரெட்டிகிளை (ஸ்கோப்பில் தெரியும் குறிக்கோட்டை) கூர்மையாக்குங்கள், அதன் பிறகே முன் லென்ஸைத் திருப்பி இலக்கைக் கூர்மையாக்குங்கள். இரண்டையும் மாற்றிச் செய்தால் எதுவுமே தெளிவாக நிற்காது. 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டு, அவை பட்ட கூட்டத்தின் நடுவை அளந்து, திருத்தம் கொடுங்கள், மீண்டும் மூன்று. திருத்தத்தின் ஒரு படி எத்தனை செ.மீ. என்பது ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும், சிலவற்றில் ஜூமைப் பொறுத்தும் மாறும். கையேட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சென்சார் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது ‘க்ளிக்’ சத்தத்துடன் படம் ஒரு கணம் உறையும். விசையை அழுத்தும் நேரத்தில் அது நடந்தால் நீங்கள் பார்ப்பது பழைய படம். அந்த வசதியைக் கைமுறைக்கு மாற்றி, சுடுவதற்குச் சற்று முன் நீங்களே இயக்குங்கள்.

100-இல் கூட்டம் நிலைத்த பிறகு 200, அதன் பிறகு 300. இங்கே கெடுப்பது காற்றுதான். பகலில் புல்லும் கானலும் காற்றைச் சொல்லிவிடும்; தெர்மலில் இரண்டும் கிடையாது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 168 கிரெயின் (ஏறக்குறைய 11 கிராம்) எடையுள்ள குண்டை, நொடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்று 300 மீட்டரில் ஏறக்குறைய 14 செ.மீ. தள்ளும்; 500 மீட்டரில் 40 செ.மீ.க்கு மேல். காற்றுமானியைக் கையில் வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் காற்று, வெப்பநிலை, பட்ட இடம் மூன்றையும் எழுதுங்கள். மதியம் 35 டிகிரியில் எடுத்த வேகக் கணக்கு நள்ளிரவு 10 டிகிரிக்கு அப்படியே பொருந்தாது: பல வெடிமருந்துகள் குளிரில் மெதுவாக எரியும், காற்றும் அடர்த்தியாகும். இரவிலேயே குரோனோகிராஃப் (குண்டின் வேகமானி) வைத்து வேகத்தை அளப்பதுதான் சரி.

ஐந்தாறு குண்டுக்குப் பிறகு குழலின் சூடு படத்தில் மிதக்க ஆரம்பிக்கும். சப்ரஸர் (குழல்முனையில் மாட்டும் சத்தக் குறைப்பான்) இருந்தால் இன்னும் மோசம். அதற்குத் துணி உறை போடுங்கள், இல்லையென்றால் ஆறவிடுங்கள். கண் கூசினால் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தவுடன் அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாதுகாப்பு விளக்கைத் தேடிக் கைதடவும்போதுதான் ரைஃபிளின் முனை தப்பான பக்கம் திரும்பும்.

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். ஒரு ஜோடி சட்டைப்பையில் உடல் சூட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டே பெட்டியில் வையுங்கள், ஏனெனில் பகலில் தவறிச் சூரியனைப் பார்த்தால் சென்சார் நிரந்தரமாகப் பழுதாகலாம். ஊருக்கு விமானம் ஏறும்போது இந்த ஸ்கோப்பைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்: துப்பாக்கிக்கான தெர்மல் கருவிகளை அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம்.