பிழைக்குப் பின் எக்ஸ்எம்எல் பார்சரை மறுபடி பயன்படுத்துவது எப்படி?

எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்தான் பார்சர். ஆவணம் பாதியில் உடைந்தால் பழைய நிலை ஒட்டி அழுக்காவது பார்சர் மட்டுமல்ல. உங்கள் ஹேண்ட்லரில் (டேக், எழுத்து போன்றவை வரும்போது பார்சர் அழைக்கும் உங்கள் நிரல்பகுதி) சேர்ந்த எழுத்துகள், மூடாத டேக்குகளின் ஸ்டாக், பாதி படித்த ஸ்ட்ரீம் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ரீசெட், அதாவது தொடக்க நிலைக்குத் திருப்புவது, முதலாவதாகச் சொன்ன பார்சரைத்தான் துடைக்கும்.

சி மொழியின் எக்ஸ்பேட் என்ற பார்சர் நூலகத்தில், பிழை வந்த பார்சருக்குப் புது ஆவணம் கொடுத்தால், அது சரியான ஆவணமே ஆனாலும் பழைய பிழையே திரும்ப வரும். ரீசெட் செய்தாக வேண்டும். ஆனால் ரீசெட் யூசர் டேட்டாவையும் (ஹேண்ட்லர்களுக்குப் போகும்படி நீங்கள் கொடுத்த தரவு) ஏறக்குறைய எல்லா ஹேண்ட்லர்களையும் கழற்றிவிடும். திரும்ப மாட்ட மறந்தால் பிழையே காட்டாமல் வெற்று விடை வரும். தேடிக் கண்டுபிடிக்க மிகக் கடினமான தவறு இது. எனவே ஹேண்ட்லர் பொருத்தும் வரிகளை ஒரே ஃபங்ஷனில் வைத்து, உருவாக்கும்போதும் ரீசெட்டுக்குப் பிறகும் அதையே அழையுங்கள். வெளி என்டிட்டிக்காக (ஆவணத்துக்கு வெளியிலிருந்து சேர்க்கப்படும் பகுதி) உருவாக்கிய துணைப் பார்சரை ரீசெட் செய்ய முடியாது. ரீசெட் திருப்பித் தரும் மதிப்பைச் சோதியுங்கள். ஹேண்ட்லருக்குள் இருந்தபடி ரீசெட்டோ ஃப்ரீயோ வேண்டாம்: பார்சரை நிறுத்தச் சொல்லி, பார்ஸ் அழைப்பு திரும்பிய பிறகு செய்யுங்கள்.

பைத்தானின் எக்ஸ்பேட் பார்சர் ஒரு ஆவணத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குங்கள்.

ஜாவாவின் சாக்ஸ் ரீடரில் (ஆவணத்தை நிகழ்வு நிகழ்வாகப் படித்துச் சொல்லும் பார்சர்) பார்ஸ் முடிந்தாலும் ஹேண்ட்லர்கள் ஒட்டியே இருக்கும். ஆபத்து உங்கள் ஹேண்ட்லரின் ஃபீல்டுகளில்தான். அவற்றை ஆவண முடிவு நிகழ்வில் துடைப்பதை நம்பாதீர்கள், பிழையின்போது அது வராமல் போகலாம். ஆவணத் தொடக்க நிகழ்வும் போதாது: கோப்பே திறக்காவிட்டால் அதுவும் வராது, முந்தைய ஆவணத்தின் விடை அப்படியே நிற்கும். பார்ஸை அழைக்கும் முன் துடைப்பதே சரி. ஆவணத்தை மர வடிவில் நினைவகத்தில் கட்டும் டாக்குமென்ட் பில்டரை ரீசெட் செய்தால் எரர் ஹேண்ட்லரையும் வெளி என்டிட்டிகளைத் தேடித் தரும் என்டிட்டி ரிசால்வரையும் மீண்டும் பொருத்துங்கள். டிடிடி (ஆவணத்தின் அமைப்பு விதிகள்) தடை போன்ற பாதுகாப்பு அமைப்புகளை, பார்சர்களை உருவாக்கித் தரும் ஃபேக்டரியிலேயே வையுங்கள்.

பார்சர் முன்கூட்டியே பஃபரில் படித்திருக்கும் என்பதால் பழைய ஸ்ட்ரீமின் மிச்சத்தைப் புது ஆவணமாகக் கொடுக்கக் கூடாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

பார்சர்களைப் பூலில் (மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பு) வைத்திருந்தால், பிழை கண்டதைத் திருப்பி வைக்காமல் எறிந்துவிடுவதே எங்கள் பரிந்துரை. ஃபேக்டரியைத் தக்கவைத்துக்கொண்டால் புதுப் பார்சரின் செலவு பெரும்பாலும் சிறிதுதான். ஒரே பார்சரை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது.

சோதனைக்கு நல்லது, கெட்டது, நல்லது என்ற வரிசையில் மூன்று ஆவணங்களைக் கொடுங்கள். கெட்டதை டேக்கின் நடுவிலும், ஆட்ரிபியூட் மதிப்புக்குள்ளும், சிடேட்டா பகுதியிலும் (டேக்குகளாகப் பிரிக்காமல் வெறும் எழுத்தாகவே எடுக்கப்படும் பகுதி) வெட்டிப் பாருங்கள். மூன்றாவதின் விடை, புத்தம்புதிய பார்சர் தரும் விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.