நியூசிலாந்து, அயர்லாந்து: பால் பண்ணைக் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

இரண்டும் தீவு நாடுகள். இரண்டிலும் பசு மேய்ச்சல் புல்லை நம்பியே வாழ்கிறது, பாலில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. ஆனால் கணக்கு எழுதும் முறை வேறு. அதைச் சீராக்காமல் ஒப்பிட்டால் விடை தவறிவிடும்.

படி 1: எல்லை. அயர்லாந்துக் குடியரசின் எண்களை மட்டும் எடுங்கள். வட அயர்லாந்து பிரிட்டன் கணக்கில் வரும்.

படி 2: ஆண்டு. நியூசிலாந்தின் பால் பருவம் ஜூன் முதல் மே வரை. அயர்லாந்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே ஆண்டை எடுக்காமல் 5 ஆண்டுச் சராசரி எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படி 3: விலை. பலரும் இடறுவது இங்கேதான். நியூசிலாந்தில் ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசுவார்கள். கொழுப்பும் புரதமும் மட்டுமே அதில் சேரும். நம்மூர் பால் சங்கத்தில் பார்க்கும் எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வேறு. அயர்லாந்தில் லிட்டருக்கு இத்தனை சென்ட். அங்கே செய்தியில் வரும் அடிப்படை விலை 3.6% கொழுப்பு, 3.3% புரதம் உள்ள பாலுக்கானது.

லிட்டருக்கு 40 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோ எடை. அதில் கொழுப்பும் புரதமும் சேர்ந்து 6.9% என்றால் 71 கிராம் திடப்பொருள். ஒரு கிலோவுக்குச் சுமார் 14.07 லிட்டர் வேண்டும், விலை 5.63 யூரோ. இதே 40 சென்டை, பண்ணையில் உண்மையில் கறக்கும் 4.2% கொழுப்பு, 3.5% புரதம் உள்ள பாலோடு பொருத்திவிட்டால் 5.04 யூரோதான் வரும். ஆண்டுக்கு 40,000 கிலோ திடப்பொருள் தரும் பண்ணையில் இந்த ஒரு பிழையால் 23,000 யூரோவுக்கு மேல் காணாமல் போகும். விலையில் வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: லாபம். அயர்லாந்தில் சாகஸ்க் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் வெளியிடும் ‘குடும்பப் பண்ணை வருமான’த்தில் வட்டியும் குத்தகையும் கழிக்கப்பட்டிருக்கும், வீட்டாரின் உழைப்புக்குக் கூலி கழிக்கப்பட்டிருக்காது. நியூசிலாந்தின் பால் பண்ணையாளர் அமைப்பான டெய்ரிஎன்இசட் தரும் ‘செயல்பாட்டு லாப’த்தில் இது தலைகீழ்: குடும்ப உழைப்புக்குக் கூலி போட்டுக் கழித்துவிடுவார்கள், வட்டியையும் குத்தகையையும் தொடமாட்டார்கள். ஆகவே அயர்லாந்து எண்ணோடு வட்டியையும் குத்தகையையும் கூட்டி, குடும்பக் கூலியைக் கழியுங்கள்.

படி 5: மானியம். 1984 இரு நாட்டுக்கும் திருப்புமுனை. அந்த ஆண்டு நியூசிலாந்து விவசாய மானியங்களை நீக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் பால் ஒதுக்கீட்டு முறை, அதாவது பால் உற்பத்திக்கு உச்சவரம்பு, வந்தது. அந்த ஒதுக்கீடு 2015 மார்ச்சில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்குத் தரும் நேரடிக் கொடுப்பனவு இன்றும் தொடர்கிறது. அதைக் கணக்கில் தனி இனமாகப் பிரித்து எழுதுங்கள். அயர்லாந்தின் மாட்டிறைச்சிப் பண்ணைகளைச் சேர்த்துவிட்டால் படமே மாறிவிடும்: கன்று வளர்க்கும் பண்ணைகள் பலவற்றில் கொடுப்பனவைக் கழித்தால் மிஞ்சுவது நஷ்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியும் செலவு வித்தியாசத்தில் ஒரு பங்கு குளிர்காலத்துடையது. அயர்லாந்துப் பசு சில மாதங்கள் கொட்டகையில் நிற்கும். சைலேஜ் (பதப்படுத்திய பசுந்தீவனம்), சாணக்குழம்புத் தொட்டி, கொட்டகைத் தேய்மானம் எல்லாம் அதன் கணக்கில் ஏறும். நியூசிலாந்தில் பெரும்பாலான பசுக்கள் அப்போதும் வெளியில்தான்.