சிறகு வெட்டப்பட்ட பச்சைக்கிளியை மீண்டும் பறக்க வைப்பது எப்படி?

சந்தையிலோ கிளி ஜோதிடரிடமோ பறிமுதல் செய்யப்பட்ட கிளியைக் கண்டதும் கூண்டைத் திறந்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் பறக்க இயலாத கிளி அன்றைக்கே பூனைக்கு இரையாகிவிடக்கூடும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், முதலில் வனத்துறைக்குத் தகவல் தந்து பறவையை ஒப்படைக்க வேண்டும். இனிச் சொல்லப்படுபவை மறுவாழ்வு மையங்களில் பணிபுரிவோருக்கானவை.

புதிதாக வந்த கிளிகளைக் குறைந்தது 30 நாட்கள் தனியே வைக்க வேண்டும். கிளிக்காய்ச்சல் எனப்படும் பாக்டீரியா நோய் உலர்ந்த எச்சத்தின் தூசி வழியே மனிதருக்கும் தொற்றும் என்பதால், முகக்கவசம் அணிந்து, எச்சத்தை நீர் தெளித்து நனைத்த பிறகே அள்ள வேண்டும். நெல்லும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்கு வைட்டமின் ஏ குறைபாடு இருக்கக்கூடும். கொய்யா, முருங்கைக்கீரை, வேப்பம்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கம்பைக் கிண்ணத்தில் கொட்டாமல் கதிராகவே தொங்கவிட்டால், தொற்றிக்கொண்டு கொறித்துத் தின்ன அது தானே கற்றுக்கொள்ளும்.

அடுத்து, வெட்டப்பட்டது இறகா எலும்பா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். எலும்பு துண்டிக்கப்பட்டிருந்தால் அப்பறவை ஆயுள் முழுவதும் பறவைக்கூடத்தில்தான் (பறவைகளுக்கான பெரிய கூண்டில்) வாழ வேண்டும். இறகு மட்டும் என்றால், அடித்தண்டு தானாக உதிர்ந்து புதிய இறகு முளைக்க ஓராண்டு வரைகூட ஆகலாம். அவசரப்பட்டு அதைப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுப்போகலாம். இறகு வளர்ந்த பின், இரு முனைகளிலும் கிளைகள் பொருத்திய நீண்ட பறவைக்கூடத்தில் தசைகள் வலுப்பெற விட வேண்டும்; பலமுறை போய்வந்தும் வாய் திறந்து இளைக்காத கிளியே தேறியது.

இவை அனைத்திலும் கடினமானது மனிதரை மறக்கச் செய்வது. மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்ட கிளி, ஆள் வந்தால் உணவு வரும் என்றே நம்பும். ஆகவே பணியாளர்கள் அதனுடன் பேசக் கூடாது. மறைப்புக்குப் பின்னிருந்தே உணவு வைக்க வேண்டும். மனிதரைக் கண்டால் அஞ்சும் வளர்ந்த கிளிகளுடன் அதைச் சேர்க்க வேண்டும். வீட்டார் பெருமைப்பட்ட பேச்சுத்திறமை இங்கே ஓர் இடையூறுதான். கையில் வந்து அமரும் கிளியை, எவ்வளவு நன்றாகப் பறந்தாலும், வெளியே விடக் கூடாது என்பதே என் கருத்து.

அதே இனக் கிளிகள் வாழும் இடத்தில், காலை நேரத்தில், கூட்டமாகவே விடுவிக்க வேண்டும். கூடத்தின் சாளரத்தைத் திறந்து வைத்து, வெளியே சில வாரங்கள் உணவு வைத்துவர வேண்டும். இரவு தங்கத் திரும்பி வருபவற்றை விரட்டக் கூடாது.