எடை குறைந்தபின் தொங்கும் தோலுக்கு ஆபரேஷன்: அவசரமும் பத்தியமும் செய்யும் கெடுதல்

எடை குறைப்புக்கான பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிறகு என் அக்கா 42 கிலோ குறைந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வீட்டுக்குள் அவள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் தொங்கியது. சென்னை வெயிலில் அந்த மடிப்புக்குள் வேர்வை தேங்கி, பூஞ்சை பிடித்து, நடந்தாலே எரியும். அந்தத் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனைப் போய் ‘அழகுக்காகப் பண்ணிக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வருடக்கணக்கில் விரிந்துபோன தோல், உடற்பயிற்சியாலோ எண்ணெய் தேய்ப்பதாலோ பழையபடி சுருங்காது. கொழுப்பை மட்டும் உறிஞ்சும் லைபோசக்‌ஷனும் இதற்குப் போதாது. தோல் இன்னும் தளர்ந்துபோகலாம்.

பலர் சறுக்குவது அவசரத்தில்தான். தங்கச்சி கல்யாணத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதி குறிக்கிறார்கள். எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதிலும் கடைசி மூன்று முதல் ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். எடை இன்னும் குறைந்துகொண்டே இருந்தால் வெட்டித் தைத்த தோல் மறுபடி தொங்கும். குழந்தை பெறும் எண்ணம் இருக்கிற பெண்கள் வயிற்று ஆபரேஷனைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே இளைத்த உடம்பு உள்ளே வற்றியிருக்கும். அக்காவுக்கு ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது. புரதம், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி குறைந்த உடம்பில் காயம் சரியாக ஆறாது, தையல் பிரிந்துகொள்ளும். இரத்தப் பரிசோதனை பார்த்துச் சரிசெய்யாமல் மேஜையில் படுக்கவே கூடாது. சிகரெட்டை ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைய ஊசி போடுகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் வயிற்றில் சாப்பாடு செரிக்காமல் தங்கியிருக்கலாம். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

‘வயிறு, கை, தொடை எல்லாம் ஒரே நாளில், பேக்கேஜ் விலையில்’ என்று ஒரு இடத்தில் அக்காவிடம் சொன்னார்கள். மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள இரத்த இழப்பும் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். பிரித்துப் பிரித்துச் செய்வதே எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. செய்கிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, அங்கே ஐ.சி.யு. இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காப்பீட்டு நிறுவனங்கள் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் தருவதில்லை. மடிப்பில் வந்த புண்ணுக்கு வைத்தியம் பார்த்த சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, மருத்துவத் தேவை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிடைக்கும் என்று உறுதியில்லை, ஆனால் முயன்று பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறு பாசத்தால் வருவது. ‘முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்’ என்று அத்தை ரசஞ்சாதம் மட்டும் கொடுத்தார். காயம் ஆறப் புரதம்தான் வேண்டும். முட்டை, மீன், சைவமென்றால் சுண்டல், பன்னீர், தயிர் கொடுங்கள். ‘அசையாமப் படு’ என்பதும் ஆபத்து. டாக்டர் அனுமதித்ததும் கொஞ்சம் கூனியபடியே வீட்டுக்குள் நடக்க வேண்டும், இல்லையென்றால் காலில் இரத்தம் உறையலாம். ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லும் இறுக்க உடையைப் புழுக்கம் தாங்காமல் கழற்றி வைக்காதீர்கள். மாற்றுக்கு இன்னொன்று வாங்கிவிடுங்கள். தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை ஓடும், வெளிற ஒரு வருடத்துக்கு மேலாகும். முன்பே தெரிந்துகொண்டால் கண்ணாடி முன் மனம் உடையாது.

தையலுக்கடியில் நீர் கோத்துத் தளும்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-க்குப் போன் போடுங்கள்.