கதிரூட்டிய கார்பன்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள்

கார்பனைக் கதிர்வீச்சில் வைத்தோ, சூளையில் சுட்டோ, அமிலத்தில் கொதிக்க வைத்தோ அதன் குணத்தை மாற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒவ்வொரு ஆண்டும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கையுறை போடுவது, சாம்பிளுக்குப் பெயர் ஒட்டுவது எல்லாம் எவருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடலாம். கருவி ஒழுங்காக ஓடியிருக்கும், அளவீடும் சுத்தமாக இருக்கும், எழுதும் முடிவு மட்டும் தலைகீழாக நிற்கும். அப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

டி/ஜி விகிதம் இறங்கியதும் "குறைகள் ஆறிவிட்டன" என்று எழுதுவது

லேசர் ஒளியைச் சாம்பிளில் சிதறடித்து அணுக்களின் அதிர்வைக் காட்டும் ராமன் நிறமாலையில் கார்பனுக்கு இரண்டு பெரிய பீக்குகள் உண்டு. 1580 செ.மீ⁻¹ பக்கம் வருவது ஜி. 1350 பக்கம் வருவது டி. குறையே இல்லாத படிகத்தில் டி தெரியாது. ஆகவே டி-யை ஜி-யால் வகுத்து, விகிதம் ஏறினால் சேதம் ஏறியது, இறங்கினால் சேதம் இறங்கியது என்று முதல் வாரத்திலேயே எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. சேதம் கூடக் கூட விகிதம் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும். அதற்கு மேலும் சேதப்படுத்தினால் விகிதம் இறங்கத் தொடங்கும்.

காரணம் எளிது. டி என்பது ஆறு அணுக்கள் கொண்ட வளையம் விரிந்து சுருங்குகிற அதிர்வு. அது தெரிய ஒரு குறையும் வேண்டும், அந்தக் குறையைச் சுற்றி முழுசான வளையங்களும் வேண்டும். ஜி-க்கு வளையம் தேவையில்லை. சமதளப் பிணைப்பில் இரண்டு கார்பன்கள் இருந்தாலே அது வந்துவிடும். அடி மேல் அடி விழுந்து வளையங்களே உடைந்துபோனால் டி-க்கு இருக்க இடமில்லை, ஜி மட்டும் மிஞ்சும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளியும். ஓரடுக்கு கிராஃபீன் மீது 90 எலக்ட்ரான்வோல்ட் ஆர்கான் அயனிகளைச் செலுத்தி, பிரேசில் ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு கணக்கைத் தந்தார்கள். 514 நானோமீட்டர் லேசருக்கு அதைப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10¹² அயனி விழுந்தால் குறைக்கும் குறைக்கும் இடையே சராசரி 10 நானோமீட்டர், விகிதம் ஏறக்குறைய 1. 10¹³ என்றால் இடைவெளி 3 நானோமீட்டர், விகிதம் 3-க்குச் சற்று மேல். 10¹⁴ என்றால் இடைவெளி 1 நானோமீட்டர், விகிதம் மறுபடியும் ஏறக்குறைய 1. அடி நூறு மடங்கு, விகிதமோ அதே 1.

இப்போது வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். அயனி முடுக்கியில் பீம் டைம் (கருவியைப் பயன்படுத்தக் கிடைக்கும் நேரம்) கேட்டு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறார்கள். "விளைவு நன்றாகத் தெரியட்டும்" என்று 10¹³, 3×10¹³, 10¹⁴ என்று மூன்று டோஸ் கொடுக்கிறார்கள். மூன்றும் உச்சத்திலோ அதைத் தாண்டியோ கிடப்பவை. விகிதம் 3, 2, 1 என்கிற மாதிரி அழகாக இறங்கும். "டோஸ் கூட்டினால் குறைகள் ஆறுகின்றன" என்று ஆய்வேடு எழுதப்படும். ஆய்வேட்டின் தேர்வாளர் கண்டுபிடித்தால் மறுபடியும் பீம் டைம், மறுபடியும் காத்திருப்பு. பிடிக்காவிட்டால் இன்னும் மோசம், அது அச்சாகிவிடும், அடுத்தவர் அதை நம்பி வேலையைத் தொடங்குவார்.

எரிச்சல் தருவது என்னவென்றால், உண்மை அதே நிறமாலையில் கண்ணெதிரே கிடக்கிறது. ஜி-யின் அகலத்தைப் பாருங்கள். ஒழுங்கான கிராஃபைட்டில் அது 15 செ.மீ⁻¹ பக்கம் இருக்கும், உருக்குலைந்த கார்பனில் 100-ஐத் தாண்டும். விகிதம் போல ஏறி இறங்காது, சேதத்தோடு ஒரே திசையில் போகும். அடுத்து ஜி-யின் இடம். ஃபெராரியும் ராபர்ட்சனும் 2000-இல் விளக்கியபடி, விகிதம் ஏறுகிற முதல் கட்டத்தில் 1581-லிருந்து 1600 வரை மேலே நகரும், விகிதம் இறங்குகிற இரண்டாம் கட்டத்தில் 1510 நோக்கிக் கீழே வரும். பிறகு டி-க்கும் ஜி-க்கும் நடுவே உள்ள பள்ளம். முதல் கட்டத்தில் அது அடித்தளம் வரை இறங்கித் தனியாகத் தெரியும். இரண்டாம் கட்டத்தில் தூர்ந்து மேடாகிவிடும், இரண்டு பீக்கும் ஒட்டிய ஒரே திமில்போல் இருக்கும். கடைசியாக 2700 பக்கம் உள்ள 2டி பீக். உண்மையிலேயே குறைகள் ஆறியிருந்தால் அது கூர்மையாகத் திரும்பி வந்திருக்கும். தட்டையாகக் கிடந்தால் எதுவும் ஆறவில்லை.

ஆகவே டோஸ்களை 10¹¹-இல் தொடங்கி ஏறக்குறைய மும்மூன்று மடங்காக ஏற்றுங்கள்: 10¹¹, 3×10¹¹, 10¹² என்று 10¹⁴ வரை ஏழு புள்ளி. இது மேலே சொன்ன அயனிக்கும் கிராஃபீனுக்கும் உரிய வரம்பு. கனமான அயனி, கட்டியான சாம்பிள் என்றால் வரம்பு இடம் மாறும், உச்சம் மறையாது. ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரு மூலையை உலோகத் தகட்டால் மறைத்து வையுங்கள், கதிர்படாத ஒப்பீடு அதே துண்டிலேயே கிடைக்கும். விகிதம் உயரத்திலா பரப்பிலா என்பதை எழுதுங்கள். டி அகன்றிருக்கும்போது இரண்டும் வெகுவாக வேறுபடும்.

இதே தவறு மறுபுறமாகவும் நடக்கிறது. உருவமற்ற கார்பன் படலத்தை 500 டிகிரியில் அனீல் செய்தால் (சூடேற்றி மெல்ல ஆறவிட்டால்) டி/ஜி ஏறும். சிதறிக் கிடந்த அணுக்கள் வளையங்களாகச் சேர்வதால்தான் டி வளர்கிறது, அது ஒழுங்கு கூடுவதன் அடையாளம். "சூடாக்கியதால் கெட்டுவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். உயிர்க்கரியை 400 டிகிரியிலும் 900 டிகிரியிலும் சுட்டு ஒப்பிடுகிறவர்கள் இதில் மாட்டாதது அபூர்வம்.

வேறு லேசரில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது

டி/ஜி பரப்பு விகிதம் லேசர் அலைநீளத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். 532-இல் 1 வந்த சாம்பிள், 633-இல் 2 காட்டும். சாம்பிளில் எதுவும் மாறவில்லை. டி-யும் 18 செ.மீ⁻¹ அளவுக்குக் கீழே நகர்ந்திருக்கும்.

லேசரே சாம்பிளைச் சுடுவது

சாம்பிளில் விழும் லேசர் திறனை 1 மில்லிவாட்டுக்குக் கீழ் வையுங்கள், கால் பங்குத் திறனில் மறுபடி எடுத்து ஜி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காமா செய்ததா, காற்று செய்ததா?

கோபால்ட்-60 காமா அறையில் கார்பன் நார், நானோகுழாய், செயலூட்டிய கரி எதையாவது 100 கிலோகிரே வைத்துவிட்டு "காமா கதிர் அணுக்களை இடம்பெயர்த்தது" என்று எழுதுவது இன்னொரு வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோகிரே என்றால் கிராமுக்கு 100 ஜூல். ஒரு கார்பன் அணுவுக்குப் பங்கிட்டால் 0.012 எலக்ட்ரான்வோல்ட். ஓர் அணுவை வலையிலிருந்து பெயர்க்க 20 எலக்ட்ரான்வோல்ட் பக்கம் தேவை, அதுவும் ஒரே அடியில். காமா மோதித் தெறிக்கும் காம்ப்டன் எலக்ட்ரான்கள் அப்படிச் சில அணுக்களைப் பெயர்க்கத்தான் செய்யும், ஆனால் மிகச் சில. மீதி ஆற்றல் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டு, மின்கடத்தியான கிராஃபைட்டில் வெப்பமாக அடங்கிவிடும்.

அப்படியானால் மேற்பரப்பில் ஆக்சிஜன் கூடியது எப்படி? குப்பியில் அடைத்த காற்றுதான். கதிர் அதில் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குகிறது, ஈரம் இருந்தால் நைட்ரிக் அமிலமும் சேர்கிறது. கார்பன் அவற்றில் ஊறிக் கிடக்கிறது. தண்ணீரில் மிதக்கவிட்டால் கதிர் தண்ணீரில் உண்டாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் (வினைத்துடிப்பு மிக்க துணுக்குகள்) வேலை செய்யும். அதே தண்ணீரில் எத்தனால் சேர்த்தால் அவற்றை ஆல்கஹால் விழுங்கிவிடும், ஒடுக்கும் பக்கம் கை ஓங்கும். கிராஃபீன் ஆக்சைடைக் காமாவால் ஒடுக்குகிறவர்கள் ஆல்கஹால் சேர்ப்பது இதற்காகத்தான். டோஸ் ஒன்றே, சுற்றியிருப்பது மாறினால் விளைவு எதிர்த்திசை.

ஆகவே குறைந்தது மூன்று குப்பி: காற்றில் ஒன்று, வெற்றிடத்திலோ ஆர்கானிலோ வாயை உருக்கி மூடியது ஒன்று, கதிர்படாமல் அதே நாட்கள் அறையில் இருந்தது ஒன்று. மூன்றும் இல்லாமல் காமாவைக் குற்றம் சொல்ல வழியில்லை.

டோஸ் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. காமா அறையின் சுவரில் ஒட்டிய டோஸ் வீதம் மூன்று ஆண்டு பழையதானால், இன்றைய உண்மை வீதம் அதில் 67 சதவீதம்தான். அந்த எண்ணும் தண்ணீருக்கு அளந்தது. கார்பன் அதில் ஏறக்குறைய 90 சதவீதத்தையே ஏற்கும்.

சேதம் ஒரு ஆழத்தில், அளப்பது இன்னொரு ஆழத்தில்

2 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் கிராஃபைட்டுக்குள் சில பத்து மைக்ரோமீட்டர் அளவுக்குப் போய், நிற்கும் இடத்தில்தான் கடுமையாகச் சேதப்படுத்துகிறது. ராமன் லேசர் பார்ப்பது மேலே சில பத்து நானோமீட்டர். "புரோட்டானுக்கு கிராஃபைட் அசையவில்லை" என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. அடுக்குக் கிராஃபைட் என்றால் ஒட்டுநாடாவால் உரித்து உரித்து இறங்கி அளக்கலாம், அல்லது குறுக்குவெட்டு எடுத்து ஓரத்திலிருந்து உள்ளே புள்ளி புள்ளியாக அளக்கலாம்.

அயனி எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு சேதம் தரும் என்று கணக்கிடும் ஸ்ரிம் மென்பொருளில் அடர்த்தியைத் தானாக வருவதில் விட்டுவிடாதீர்கள். நுண்துளைகள் கொண்ட தொழிற்சாலைக் கிராஃபைட் 1.7 முதல் 1.9 கிராம்/கன செ.மீ. வரைதான் இருக்கும். இடப்பெயர்ச்சி ஆற்றல் 28 எலக்ட்ரான்வோல்ட் என்று நிரப்பியிருக்கும். எதை வைத்தீர்கள் என்பதை எழுதாவிட்டால் உங்கள் டி.பி.ஏ. (ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது) எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

பீம் சூட்டையும் கணக்கில் எடுங்கள். 2 மெகா எலக்ட்ரான்வோல்ட், 1 மைக்ரோஆம்பியர் என்றால் 2 வாட். வெற்றிடத்தில், கார்பன் டேப்பில் ஒட்டிய சிறு துண்டுக்கு அது பெரிய சூடு. கதிர் தரும் சேதத்தைச் சூடு பாதி ஆற்றிக்கொண்டே வரும்.

கிராஃபீனை 200 கிலோவோல்ட்டில் டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்ப்பது

80 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கார்பனுக்கு அதிகபட்சம் 15.8 எலக்ட்ரான்வோல்ட் கொடுக்கும், 200-இல் 43.7. அணுவைப் பெயர்க்க 20 பக்கம் போதும் என்று மேலே பார்த்தோம். நீங்கள் படமெடுக்கும் ஓட்டைகள் நீங்கள் போட்டவை.

சூளையின் எண்ணைச் சாம்பிளின் வெப்பநிலை என்று நம்புவது

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் நடந்ததைக் கார்பனைக் கதிரூட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குறைந்த வெப்பநிலையில் நியூட்ரான் பட்ட கிராஃபைட், இடம்பெயர்ந்த அணுக்களில் ஆற்றலைத் தேக்கிக்கொள்ளும். அதிகபட்சம் கிராமுக்கு 2700 ஜூல் வரை போகலாம். அதை அவ்வப்போது சூடேற்றி வெளியேற்றுவது அங்கே வழக்கம். அந்த முறை வெப்பநிலை இறங்குவதாகத் தோன்றியதால் 8-ஆம் தேதி இரண்டாம் தடவை சூடேற்றினார்கள். வெப்பமானிகளோ வழக்கமான ஓட்டத்தில் எங்கே சூடு அதிகமோ அங்கே பொருத்தப்பட்டிருந்தன. ஆற்றல் வெளியேறும்போது உச்ச சூடு வேறிடத்தில் இருந்தது. 10-ஆம் தேதி உலை எரிவது தெரிந்தது.

ஆய்வகக் குழாய்ச் சூளையிலும் வெப்பமானி பெரும்பாலும் குழாய்க்கு வெளியே, நடுவில் இருக்கும். உங்கள் படகு (சாம்பிளை வைக்கும் சிறு தட்டு) நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் காட்டும் எண் உங்களுடையதல்ல. இன்னொரு வெப்பமானியைப் படகுக்குப் பக்கத்தில் விட்டு ஒரு தடவையாவது அளந்துவிடுங்கள்.

காற்றை வெளியேற்றுவதிலும் அவசரம் கூடாது. 50 மில்லிமீட்டர் உள்விட்டம், 1 மீட்டர் நீளம் உள்ள குழாய் 2 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் ஆர்கான் விட்டால் ஒரு கொள்ளளவுக்கு 10 நிமிடம். ஐந்து கொள்ளளவாவது போக 50 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டுச் சூளையைப் போட்டால் எடை குறைந்ததெல்லாம் எரிந்ததுதான். கதிர்பட்ட கார்பன் படாததைவிடச் சீக்கிரம் எரியும். குளிரும்போதும் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை வாயுவை நிறுத்தாதீர்கள்.

எல்லாக் கரியும் கிராஃபைட் ஆகும் என்று எண்ணுவது

ஆகாது. பெட்ரோலியக் கோக், பிட்ச் ஆகியவை ஆகும், சர்க்கரைக் கரி 3000 டிகிரியிலும் ஆகாது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-லேயே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார். காங்கேயம் பக்கத்துச் சிரட்டைக் கரியும் சர்க்கரைக் கரியின் கட்சிதான். அதில் 26.6 டிகிரியில் கூரான எக்ஸ்-கதிர்ப் பீக் வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். தாமிர எக்ஸ்-கதிரில் கிராஃபைட் 26.56, மணலின் குவார்ட்ஸ் 26.64. 20.9 டிகிரியிலும் ஒரு சிறு பீக் இருந்தால் நீங்கள் பார்ப்பது மணலை.

அமிலம் போட்டபின் நடுநிலை வரும்வரை கழுவினால் போதும் என்பது

நைட்ரிக் அமிலத்தில் கொதித்த நானோகுழாயின் மேல், உடைந்த சிறு கார்பன் துணுக்குகள் கார்பாக்சில் தொகுதிகளோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் அவற்றைக் கொண்டுபோகாது. வடிநீர் நிறமற்று, நடுநிலையாக வந்த பிறகும் 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிப் பாருங்கள், வடிநீர் காப்பி நிறத்தில் இறங்கும். நீங்கள் அளந்த அமிலத் தொகுதிகளில் பெரும்பங்கு அதில்தான் போகும், குழாயில் இல்லை. காரத்தில் நிறம் நிற்கும்வரை கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மறுபடி அமிலமாக்கி, தண்ணீரால் முடியுங்கள்.

நைட்ரிக் அமிலக் கழிவையும் எத்தனாலையும் ஒரே பாட்டிலில் ஊற்றுவது

பாட்டில் வெடிக்கும்.

கதிரூட்டிய கிராஃபைட் காந்தமாகிவிட்டது என்பது

லைப்சிக் பல்கலைக்கழகக் குழு 2003-இல் புரோட்டான் பட்ட கிராஃபைட்டில் அப்படி ஒரு காந்தத்தைக் காட்டியது. அளவு மைக்ரோ இ.எம்.யூ. (இ.எம்.யூ. என்பது காந்தத் திருப்புத்திறனின் அலகு) கணக்கில். 10 நானோகிராம் இரும்பு 2 மைக்ரோ இ.எம்.யூ. தரும். எஃகு இடுக்கியால் சாம்பிளின் ஓரத்தை ஒரு முறை கிள்ளினாலே அவ்வளவு இரும்பு ஒட்டிவிடும். பிளாஸ்டிக் இடுக்கி, பீங்கான் கத்தி மட்டும் பயன்படுத்துங்கள். அதே துண்டைக் கதிரூட்டும் முன்பும் பின்பும் அளந்து, பீம் விடாமல் முழு ஏற்பாட்டையும் ஒரு முறை நடத்திய இன்னொரு துண்டையும் கூடவே அளந்து வையுங்கள்.